யார் நிலம், யார் வானம்: கடலூர் – புதுச்சேரி வட்டாரத்தில் ட்ரோன் பறக்கவிடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொழுதுபோக்குக்காக ட்ரோன் வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘இங்கே பறக்கவிடலாமா?’ என்பதுதான். அது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. ஒன்று வானத்தைப் பற்றியது, அதற்குப் பதில் சொல்வது மத்திய அரசு. இன்னொன்று நீங்கள் நின்று ட்ரோனை ஏற்றி இறக்கும் தரையைப் பற்றியது, அதற்குப் பதில் சொல்வது அந்த நிலத்தை அனுபவிப்பவர். அரசின் ட்ரோன் வரைபடத்தில் பச்சையாக, அதாவது வான அனுமதி தேவையில்லாத பகுதியாக, இருக்கிறது என்பதற்காக அடுத்தவர் முந்திரித் தோப்புக்குள் நுழைய முடியாது. தோப்புக்காரர் ‘தாராளமா விடுப்பா’ என்று சொன்னதற்காக விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஏற்றவும் முடியாது. இரண்டு அனுமதியும் தனித்தனி, ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

நம் பக்கத்தில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இரண்டாவது கேள்வியை யாரும் கேட்காததால் வருபவை. அதனால் வானத்துச் சங்கதியைச் சுருக்கமாக முடித்துவிட்டு, தரையைப் பற்றி விரிவாகப் பேசுகிறேன்.

படி 1: ட்ரோனைத் தராசில் வையுங்கள்

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் எல்லாவற்றையும் எடையை வைத்துத்தான் பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 முதல் 25 கிலோ வரை சிறிய வகை. அதற்கு மேல் உள்ளவை நம் கதைக்குத் தேவையில்லை.

இந்த எடை என்பது சுமையெல்லாம் சேர்ந்து மேலே கிளம்பும்போது உள்ள எடை. பெட்டியில் 249 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதில் ப்ரொப்பெல்லர் கார்டு (இறக்கைக் காப்பு வளையம்) மாட்டி, பெரிய பேட்டரியும் போட்டால் நானோ கணக்கு போய்விடும். சமையலறைத் தராசு போதும், ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ட்ரோனுக்கு யூஐஎன் என்ற பதிவு எண் வாங்க வேண்டும். கட்டணம் 100 ரூபாய்தான். மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும், நானோவுக்கு மட்டும்தான் அதிலிருந்து விலக்கு. பொழுதுபோக்குக்காக நானோவோ மைக்ரோவோ ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு கல்யாணத்தையோ மனை விற்பனைக்கான இடத்தையோ மைக்ரோ ட்ரோனில் படம் எடுத்தால் அது பொழுதுபோக்கு ஆகாது, சான்றிதழ் வேண்டும். ‘நண்பர் கல்யாணம், பெட்ரோலுக்கு மட்டும் ஏதோ கொடுத்தார்’ என்ற பேச்சு எவ்வளவு தூரம் எடுபடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து முழு ட்ரோனாக இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்குத்தான் விலக்கு. சிங்கப்பூரிலிருந்து வரும் மாமாவிடம் சொல்லிவைக்கும் முன் இது நினைவில் இருக்கட்டும். பில் இல்லாத ட்ரோனைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் நிலத்தில் நின்று வாதாடுவது மிகவும் சங்கடமான நிலைமை.

படி 2: வானத்து வரைபடம்

மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து, நிற்கப் போகும் இடத்தைப் பாருங்கள். பச்சையில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை யாரிடமும் வான அனுமதி கேட்க வேண்டாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் முடியாது.

நம் வட்டாரத்தில் எல்லாமே புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்தைச் சுற்றித்தான் சுழல்கிறது. அங்கே விமானம் வருவது சில காலம் நின்றிருந்தது. 2024 டிசம்பரில் பெங்களூரு, ஹைதராபாத் சேவை மறுபடி தொடங்கியது. ‘அங்கே ஃப்ளைட்டே வர்றதில்லையே’ என்ற பழைய சமாதானம் இனி செல்லாது. விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் வரை சிவப்பு. 5 முதல் 8 வரை தரையிலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 வரை 200 அடிக்குக் கீழே பச்சை, அதற்கு மேல் மஞ்சள்.

இந்தக் கணக்கில் ஒயிட் டவுனும் கடற்கரைச் சாலையும் சிவப்பு வளையத்துக்குள் விழுகின்றன. ஆரோவில் மாத்ரிமந்திரும் அப்படித்தான். அதாவது புதுச்சேரியில் ட்ரோன் வாங்கிய ஒவ்வொருவரும் முதலில் எடுக்க ஆசைப்படும் இரண்டு படங்களும் எடுக்கக் கூடாத படங்கள். அரியாங்குப்பம் பக்கம் வரும்போது மஞ்சள், இன்னும் தெற்கே நகர நகரத் தளர்கிறது. பாகூரும் கடலூரும் 12 கிலோமீட்டருக்கு வெளியே. ஆனாலும் கண்ணால் அளந்து முடிவு செய்யாதீர்கள். துறைமுகம், மத்தியச் சிறை, அனல்மின் நிலையம், ரசாயன ஆலைகள் எல்லாம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. வரைபடத்தில் அந்தந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ட்ரோன் கம்பெனியின் செயலி ஏற அனுமதித்தது என்பது சட்ட அனுமதி இல்லை. அதிலுள்ள வரைபடம் வேறு, அரசு வரைபடம் வேறு.

கிளம்பும் நாளன்று இன்னொரு முறையும் பாருங்கள். பெரிய தலைவர் வருகை, கலவரம் போன்ற நேரங்களில் மாநில அரசோ, யூனியன் பிரதேச நிர்வாகமோ, எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத காவல் அதிகாரியோ ஒரு பகுதியை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். நேற்று பச்சை என்பது இன்றைக்குச் சாட்சி இல்லை.

படி 3: தலைக்கு மேலே யாருக்கு உரிமை?

நிலத்துக்காரர்கள் சொல்வது, ‘என் நிலத்துக்கு மேல எவ்வளவு உயரம் போனாலும் எனக்குத்தான்.’ ட்ரோன்காரர்கள் சொல்வது, ‘வானம் அரசாங்கத்துக்கு, உங்களுக்கு ஒண்ணும் கிடையாது.’ இரண்டுமே தப்பு.

பழைய ஆங்கிலேயச் சட்டத்தில், மண் யாருடையதோ வானமும் பாதாளமும் அவருடையது என்றொரு கருத்து இருந்தது. விமானம் வந்ததும் அது தாக்குப்பிடிக்கவில்லை. 1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த காஸ்பி வழக்கு இதில் முக்கியமானது. வட கரோலினாவில் ஒரு கோழிப் பண்ணைக்கு மேலே, 83 அடி உயரத்தில் ராணுவ விமானங்கள் போய்க்கொண்டிருந்தன. பயந்த கோழிகள் சுவரில் மோதிச் செத்தன, மொத்தம் 150 போல. வானம் முழுவதும் நிலத்துக்காரருக்கு இல்லை, ஆனால் நிலத்தை ஒட்டிய தாழ்வான காற்றுவெளி அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 83 அடி என்றால் 25 மீட்டர். நம்மில் பலர் சாதாரணமாக ட்ரோனை நிறுத்தி வைக்கும் உயரம் அதுதான்.

இங்கிலாந்தில் 1957-இல் வந்த கெல்சன் வழக்கில், பக்கத்துக் கட்டடத்து விளம்பரப் பலகை ஒரு கடைக்கு மேலே எட்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்ததே அத்துமீறல் என்று தீர்ப்பானது. 1977-இல் பெர்ன்ஸ்டைன் வழக்கு. அதில் ஒருவர் வீட்டை விமானத்திலிருந்து அனுமதியில்லாமல் படம் எடுத்து, அந்தப் படத்தை அவரிடமே விற்கப் பார்த்தது ஒரு கம்பெனி. நிலத்தைச் சாதாரணமாக அனுபவிக்கத் தேவையான உயரம் வரைதான் சொந்தக்காரருக்கு உரிமை, அதற்கு மேலே போனது அத்துமீறல் இல்லை என்றார் நீதிபதி. ஆனால் அதே தீர்ப்பில், ஒரு வீட்டை மேலிருந்து ஓயாமல் கண்காணித்துப் படமெடுத்துக்கொண்டே இருந்தால் அது வேறு விஷயம் என்றும் எச்சரித்தார். இந்தத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் வாதங்கள் இந்தத் திசையில்தான் போகும்.

நம் நாட்டில் 1934-ஆம் ஆண்டு வானூர்திச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இதையே வேறு விதமாகச் சொன்னது. காற்று, வானிலை, சூழ்நிலை எல்லாவற்றையும் பார்க்கும்போது நியாயமான உயரத்தில் பறந்தால், பறந்தது என்ற ஒரே காரணத்துக்காக அத்துமீறல் வழக்கோ தொல்லை வழக்கோ போட முடியாது. 2025 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. ‘நியாயமான உயரம்’ என்ற சிந்தனை இன்றும் செல்லுபடியாவதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ‘பறந்தது என்ற ஒரே காரணத்துக்காக’ என்பதை. கடந்து போனதற்குப் பாதுகாப்பு உண்டு. கிணற்று மேட்டில் குளிப்பவரைப் பார்த்துக்கொண்டு மேலேயே நின்றதற்கு இல்லை. தாழப் பறந்து மாட்டை மிரளவிட்டதற்கு இல்லை. கேட்காமல் உள்ளே போய் ஏற்றி இறக்கியதற்கும் இல்லை.

2021 ட்ரோன் விதிகளில் நிலத்துக்காரர் அனுமதி பற்றி ஒரு விதியும் கிடையாது. அதனால் அனுமதியே வேண்டாம் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அந்த விதிகள் வானத்தைப் பற்றியவை. நிலத்தைப் பற்றி மற்ற சட்டங்கள் ஏற்கெனவே பேசிவிட்டன.

படி 4: நிலம் யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா, புல வரைபடம் மூன்றையும் பார்க்கலாம். சர்வே எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரைக் கேட்கலாம். புதுச்சேரிப் பக்கம் நில ஆவணங்களுக்கு ‘நிலமகள்’ தளம்.

ஆனால் பட்டாவில் பெயர் இருப்பவரும் நிலத்தில் நிற்பவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அத்துமீறல் என்பது அனுபவத்துக்கு எதிரான குற்றம். குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்டிருப்பவர், வாரத்துக்கு உழுபவர், போக்கியத்தில் வாங்கி வைத்திருப்பவர் ஆகியோரின் சம்மதம்தான் முதலில் வேண்டியது. சொந்தக்காரர் சென்னையில் இருந்துகொண்டு ‘ஓகே’ என்று அனுப்பிவிடுவார். இங்கே வரப்பில் மண்வெட்டியோடு நிற்பவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. புதுச்சேரியில் இது இன்னும் அதிகம். வீட்டுக்காரர் பிரான்சில், சாவி காவலாளியிடம், மாடியில் வாடகைக்காரர். அங்கே வாடகைக்காரரைக் கேட்காமல் மொட்டை மாடியில் ஏறக் கூடாது.

கூட்டுப் பட்டாவாக இருந்தால், அண்ணன் தம்பி பாகப் பிரச்சினை ஓடிக்கொண்டிருக்கிறதா என்று டீக்கடையில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். ஓடுகிறது என்றால் அந்த நிலத்தை விட்டுவிடுங்கள். ட்ரோன் எடுத்த படம் அவர்கள் வழக்கில் சாட்சியாகப் போகும், நீங்களும் கூடவே போவீர்கள். நிலம் அளக்க வந்தவர் என்று உங்களை நினைத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. நெய்வேலியைச் சுற்றி நிலம் எடுப்பு தொடர்பான கசப்பு பல வருடமாக இருக்கும் கிராமங்களில் தலைக்கு மேலே கேமரா பறந்தால் ஊரே கூடிவிடும், அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்று அர்த்தமில்லை. ஏரிப் புறம்போக்கு அரசுத் துறையினுடையது, மேய்க்கால் ஊருடையது. கோயில் நிலமாக இருந்தால் நிர்வாகியும் குத்தகைதாரரும் என இரண்டு பேரைக் கேட்க வேண்டும்.

படி 5: கேட்பது எப்படி

ட்ரோனைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்காதீர்கள். முதல் நாள் வெறுங்கையோடு போங்கள். களத்திலோ வீட்டுத் திண்ணையிலோ ஆள் ஓய்வாக இருக்கும் சாயங்கால நேரம் நல்லது. நடவு, அறுப்பு நாட்களில் போனால் பதில் ‘அப்புறம் பாக்கலாம்’தான்.

‘ஐயா, நான் பக்கத்து ஊர்தான். சின்னதா ஒரு கேமரா ட்ரோன் வச்சிருக்கேன். உங்க கொல்லை ஓரமா நின்னு ஆத்தங்கரைய படம் எடுத்துக்கலாமா? பயிர்ல கால் வைக்க மாட்டேன். வீட்டுப் பக்கம் திருப்ப மாட்டேன்.’ இவ்வளவு போதும். அடுத்து அவர் கேட்கப் போகும் மூன்று கேள்விகளுக்குப் பதில் தயாராக இருக்கட்டும்: எதுக்கு எடுக்கிற, யார்கிட்ட காட்டுவ, விழுந்தா என்ன பண்ணுவ?

வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள் என்றால் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு, யார் பொறுப்போ அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டு திரும்புங்கள். ஒரு முறை படம் எடுத்ததை அவர்களுக்கே போட்டுக் காட்டினால் அடுத்த முறை அவர்களே கூப்பிடுவார்கள். தன் நிலத்தை மேலிருந்து பார்க்க ஆசைப்படாத விவசாயியை நான் பார்த்ததில்லை.

வாய்ச் சம்மதம் சட்டப்படி செல்லுமா? செல்லும். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் உரிமம் என்று சொல்வது இதைத்தான். இல்லையென்றால் சட்டவிரோதமாக ஆகியிருக்கும் ஒன்றைச் செய்துகொள்ளக் கொடுக்கும் சம்மதம் அது. எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் 60-ஆம் பிரிவின்படி அதைக் கொடுத்தவர் திரும்பப் பெறலாம். பறந்துகொண்டிருக்கும்போது ‘போதும், எறக்கு’ என்றால் அத்தோடு முடிந்தது. ‘நேத்து சரின்னீங்களே’ என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை. உரிமம் ஆளுக்குக் கொடுப்பது என்பதால், உங்களுக்குத் தந்த சம்மதத்தில் உங்கள் நண்பர் போய் நிற்கவும் முடியாது.

அதே இடத்துக்கு அடிக்கடி போவதாக இருந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாவது இருக்கட்டும். இப்படி எழுதி அனுப்பி, ‘சரி’ என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள்:

‘வணக்கம் ஐயா. நேற்று பேசியபடி, உங்கள் அனுபவத்தில் உள்ள இந்த சர்வே எண் நிலத்தில், வரும் ஞாயிறு மாலை 4 மணியிலிருந்து 6 மணிக்குள் என் ட்ரோனை ஏற்றி இறக்கச் சம்மதம் தந்தீர்கள். ஆட்களையும் வீட்டையும் படம் எடுக்க மாட்டேன். பயிருக்கோ கால்நடைக்கோ சேதம் ஏற்பட்டால் நான் ஈடு செய்கிறேன். நிறுத்தச் சொன்னால் உடனே இறக்கிவிடுகிறேன். யூஐஎன் எண்ணும் என் கைபேசி எண்ணும் கீழே.’

முத்திரைத்தாள் எல்லாம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கிராமத்தில் முத்திரைத்தாளைக் கண்டால் நிலத்தை எழுதி வாங்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள்.

படி 6: கடந்து போகும் நிலங்கள்

ஏற்றும் இடத்துக்குச் சம்மதம் வாங்கியாயிற்று. வழியில் இருக்கும் பத்துப் பேர் நிலத்துக்கும் கேட்க வேண்டுமா? நியாயமான உயரத்தில் நிற்காமல் கடந்து போவதற்குக் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. எது நியாயமான உயரம் என்று எந்த விதியும் எண் சொல்லவில்லை. நான் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம், வெற்று வயலுக்கு மேல் 50 மீட்டர், வீடு, கொட்டகை, கால்நடை இருக்கும் இடங்களைச் சுற்றிக்கொண்டு போவது. 8 – 12 கிலோமீட்டர் வளையத்தில் 200 அடி, அதாவது 60 மீட்டர்தான் உச்சவரம்பு என்பதால் அங்கே மிஞ்சும் இடம் மிகக் குறுகியது. வீடுகள் நெருக்கமாக இருந்தால் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது மேல்.

மூன்று இடங்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, ஓடும் பம்புசெட். அங்கே ஆட்கள் குளிப்பார்கள். தனிமையில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம், முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. தெரியாமல் பதிவாகிவிட்டால் அங்கேயே அழித்துவிடுங்கள். இரண்டு, மொட்டை மாடிகள். மூன்று, கோழிப் பண்ணையும் கட்டியிருக்கும் மாடுகளும். காஸ்பியின் கோழிகள் அமெரிக்கக் கோழிகள், பண்ருட்டிக் கோழிகள் அதைவிடத் தைரியசாலிகள் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை.

படி 7: கடற்கரை, ஏரி, காடு

தேவனாம்பட்டினம் சில்வர் பீச் போன்ற இடம் தனியார் நிலம் இல்லை, அதனால் நிலத்துக்காரர் சம்மதம் என்ற பேச்சு அங்கே எழாது. ஆனால் ஞாயிறு மாலையிலும் மாசி மகத்தன்றும் ஜனக் கூட்டத்துக்கு மேலே ஏற்றுவது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது. அதற்கும் தண்டனைப் பிரிவு இருக்கிறது. விடிகாலையில் போங்கள்.

மீனவக் கிராமத்துக் கரை வேறு. வலை காயும் மணலுக்குப் பட்டா இருக்காது, ஆனால் அதை ஆண்டு அனுபவித்து வருபவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிட்டுச் செய்வதுதான் முறை. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் இதைத் தவிர்க்காதீர்கள். மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் வேண்டாம். படகைத் துரத்திக்கொண்டு போகவும் வேண்டாம்.

ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். பிச்சாவரம் வனத்துறையின் கையில் இருக்கிறது. இரண்டிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் பையைத் திறக்கவே வேண்டாம். கூடு கட்டும் பருவத்தில் ஒரு ட்ரோன் செய்யும் சேதம் படத்தில் தெரியாது. அரிக்கமேடு போன்ற தொல்லியல் துறை இடங்களும், பெரிய கோயில்களும் அப்படியே, நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் இல்லை.

படி 8: எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது நம் வட்டாரத்துக்கே உரிய தலைவலி. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை, கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. முள்ளோடையில் ஏற்றினால் சில நிமிடத்தில் தமிழ்நாட்டுக்கு மேலே இருப்பீர்கள். வானத்து விதி இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் காவல் நிலையம், வருவாய்த் துறை, தற்காலிகத் தடை ஆணை எல்லாம் மாறும். புதுச்சேரி நிர்வாகம் போட்ட தடை ரெட்டிச்சாவடிக்குப் பொருந்தாது, கடலூர் தடை பாகூருக்குப் பொருந்தாது. இரண்டு பக்கத்துச் செய்தியையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், முடிந்தவரை ஏற்றிய பக்கத்திலேயே பறந்து இறக்குங்கள்.

படி 9: பறக்கும்போது

ட்ரோன் தானாகக் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் ‘ரிட்டர்ன் டு ஹோம்’ உயரத்தைப் பக்கத்திலிருக்கும் பனை, சவுக்கு, உயர் அழுத்த மின்கம்பி எல்லாவற்றையும்விட மேலே வையுங்கள். ஆனால் அந்த இடத்தின் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. ட்ரோன் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே இருக்க வேண்டும். பொழுதுபோக்கு ட்ரோனுக்கு வகைச் சான்றிதழிலிருந்து (ட்ரோன் மாடலுக்கு வாங்க வேண்டிய சான்று) கிடைக்கும் விலக்கே அந்த நிபந்தனையோடுதான் வருகிறது. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் உடனே இறக்குங்கள், ஆள் ஏறிய வானூர்திக்குத்தான் எப்போதும் முதல் வழி.

மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பிவிடும். காற்றோடு போய் எதிர்க்காற்றில் திரும்ப முடியாமல் அடுத்தவர் வயலில் இறங்கும் கதைகள் ஏராளம். முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள்.

யாராவது வந்து கேட்டால், பேசும் முன் ட்ரோனை இறக்குங்கள். தலைக்கு மேலே அது இரைந்துகொண்டிருக்கும்வரை யாரும் நீங்கள் சொல்வதைக் கேட்க மாட்டார்கள்.

படி 10: அடுத்தவர் நிலத்தில் விழுந்துவிட்டால்

வேலி தாண்டி எடுக்காதீர்கள். பொருள் உங்களுடையது, நிலம் உங்களுடையது இல்லை. சொந்தப் பொருளை எடுக்கிறேன் என்பது உள்ளே போகத் தானாக அனுமதி தராது. ஆளைத் தேடிப் பிடித்து, சொல்லி, அவரோடு சேர்ந்து போய் எடுங்கள். நெல் வயலில் விழுந்தால் வரப்பு வழியாக மட்டும். இறால் குட்டையில் விழுந்தால் குட்டைக்காரர் சொல்வதுபோல் செய்யுங்கள். மின்கம்பியில் மாட்டினால் மின்வாரியத்துக்குச் சொல்வதைத் தவிர வேறு எதுவும் செய்யாதீர்கள், மூங்கில் கழியைத் தேடாதீர்கள்.

பயிர் சாய்ந்திருந்தால் பேரம் பேசாமல் ஈடு கொடுங்கள். அதே சமயம், ட்ரோனைத் தர மாட்டேன் என்று அவர் வைத்துக்கொள்ளவும் முடியாது. அடுத்தவர் பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொள்வது குற்றம். இதைச் சொல்லி மிரட்டுவதைவிட, ஊரில் மரியாதையுள்ள ஒருவரை அழைத்துக்கொண்டு போய்ப் பேசுவது வேகமாக வேலை செய்யும்.

யாருக்காவது அடிபட்டால் முதலில் மருத்துவமனை. ட்ரோன் விதிகளின்படி விபத்தை 48 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவுக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டுக் கம்பெனிக்கும் அன்றே சொல்லுங்கள். பறந்த பதிவை அழிக்காதீர்கள், உயரமும் இடமும் அதில்தான் இருக்கின்றன. விதி மீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். குற்ற வழக்கு வந்தால் அது தனி.

நீங்களே நிலத்துக்காரர் என்றால்

உங்கள் வீட்டுக்கு மேலே தெரியாத ட்ரோன் வந்தால் கல்லெடுக்காதீர்கள். கவண் வேண்டாம், துப்பாக்கி வேண்டவே வேண்டாம். அடித்து உடைத்தால் சேதம் விளைவித்த குற்றம் உங்கள் மேல் வரும், உடைந்து விழும் பேட்டரி தீப்பிடித்தால் எரிவதும் உங்கள் வைக்கோல் போர்தான். கைபேசியில் நேரத்தோடு படம் எடுங்கள். பிறகு ஆளைத் தேடுங்கள். பெரும்பாலும் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பார். எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். யூஐஎன் எண்ணையும் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், பிடுங்க முடியாது.

ஒரு முறை கடந்து போனதற்குப் புகார் கொடுப்பதில் பயன் குறைவு. திரும்பத் திரும்ப வருவது, ஒரே இடத்தில் நிற்பது, வீட்டுப் பெண்களைப் படம் எடுப்பது, ஆடுமாடு மிரள்வது என்றால் தேதி, நேரம் போட்டு எழுதி, உங்கள் நிலம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள். அவசரம் என்றால் 112. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அதே எண்தான், எந்த ஊரிலிருந்து பேசுகிறீர்கள் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.